கிராம்பு, பன்னிரண்டு மூட்டை

சரியாக மாலை நாலு இருபது. வேலூரில் ஆசிரியப் பயிற்சி படிக்கும் என் மகள் நாலு மணிக்கே சித்தூரில் இறங்கியிருக்க வேண்டும். அவளுக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "அண்ணா, பாப்பா வந்த பஸ்ஸ செக்போஸ்ட்ல நிறுத்தி மூட்டைங்கள எறக்கிக்கினு இருக்காங்க. என் பஸ்ஸ மட்டும் வுட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

செக்போஸ்ட், மூட்டை என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் நான் இன்றும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். போதாக்குறைக்கு அடுப்படியிலிருந்து கிராம்பு வாசனை. மகள் வருகிறாளென்று மனைவி குருமா தாளித்துக்கொண்டிருந்தாள். "என்னா, கோர்ட்டுக்குப் போய்ட்டீங்களா?" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

கிராம்பு வாசனை வந்தால் உங்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரலாம், பல்வலி ஞாபகம் வரலாம். எனக்கு அப்பீல்தான் ஞாபகம் வரும். ஆமாம், நான் ஒரு காலத்தில் தண்டனை பெற்ற குற்றவாளி. திருட்டுச் சரக்கை வைத்திருந்து மாநில எல்லை தாண்டிக் கடத்தியவன்.

ஆந்திரா தனி மாநிலமான புதிது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பெரியவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதற்குள் வேலூர் ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கில் முளைத்துவிட்டது. அதைத் தூக்கி இறக்க செங்கல்ராயன், அவருக்கு ஒரு ஸ்டூல், ஒரு பதிவேடு. எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு லாரி ஓட்டியவன் அந்த ரோட்டில் நான் ஒருவன்தான். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. செங்கல்ராயன் அதைக் கண்டுகொண்டார். என் லாரியைப் பார்த்ததுமே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "கண்ணு தெரில நைனா, நீயே எழுதிட்டுப் போ."

அன்று திருப்பதியில் ஒரு வியாபாரி ஏற்றிவிட்ட சரக்கு. சந்திரகிரி தாண்டும்வரை வாசனை தாங்காமல் தும்மிக்கொண்டே வந்தேன். பதிவேட்டில், கிராம்பு, பன்னிரண்டு மூட்டை, அனுப்பியவர் இன்னார், வாங்குபவர் இன்னார் என்று எழுதினேன். எந்த சர்க்கார் கேட்குமோ என்று தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. கீழே கோடு போட்டுக் கையெழுத்து. வேலூரில் மூட்டைகளை இறக்கும்போதே திருப்பதி போலீஸ் பின்னாலேயே வந்துவிட்டது. கூட்ஸ் வண்டியை உடைத்துத் திருடிய சரக்காம். வியாபாரி காணாமல் போனார். அகப்பட்டவன் நான்.

கீழ்க்கோர்ட்டில் அந்தப் பதிவேடே எனக்கு எமனாயிற்று. இன்ன சரக்கு என்று தெரிந்தே எல்லையைக் கடந்திருக்கிறான், அவன் கையாலேயே எழுதியிருக்கிறான் என்றார்கள். ஒரு வருடம். ஜாமீனில் வந்து சித்தூர் ஜில்லா கோர்ட்டில் அப்பீல் போட்டேன். நிச்சயம் செய்திருந்த பெண்ணின் அப்பா வந்தார். காப்பிகூடக் குடிக்கவில்லை. "தீர்ப்பு வரட்டும் மாப்ளே. ஜெயிலுக்குப் போறவனுக்குப் பொண்ணு குடுக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார். அதில் 'மாப்ளே' என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம் ஓட்டினேன்.

பறிமுதலான கிராம்பை எங்கே வைத்திருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்த்த யாருக்கும் அந்த எட்டு மாதமும் பல்வலி வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பீலன்று ஜட்ஜ் பதிவேட்டைப் புரட்டினார். "ஈ ராத எவரிதி?" என்றார். யாருடைய எழுத்து என்று கேட்கிறார். "நாதேனண்டி" என்றேன், என்னுடையதுதான் என்று. அவர் விரல் ஒரு வரி கீழே இறங்கியது. அதுவும் என்னுடையதுதான். அதற்கும் கீழே. அதுவும்தான். வக்கீலிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. "சோறு துன்னுட்டு வந்துர்றேன், பாத்துக்கோ" என்று செங்கல்ராயன், கிராம்பு ஏற்றிவந்த அன்று, பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பின்னால் வந்த மூன்று வண்டிகளுக்கும் நானே உட்கார்ந்து எழுதினேன், மூங்கிலையும் தூக்கிவிட்டேன். கேட்டால் சிரிப்பார்களே என்று மறைத்திருந்ததை இப்போது வேறு வழியில்லாமல் ஜட்ஜிடம் சொல்லிவிட்டேன்.

வக்கீல் துள்ளி எழுந்தார். திருட்டுச் சரக்கென்று தெரிந்தவன் அதை ரோட்டில் நிறுத்திவிட்டு, ஊரார் வண்டிக்கெல்லாம் கோடு போட்டு எழுதிக்கொண்டிருப்பானா என்று கேட்டார். சிரித்தார்கள்தான். முதலில் சிரித்தவர் ஜட்ஜ். விடுதலை. வராந்தாவில் மாமா என் தோளைத் தட்டி, "இனிமே யாரு சரக்குன்னு கேக்காம எதையும் தொடாத மாப்ளே" என்றார். அன்று முதல் தாம்பூலப் பையைக்கூட விசாரித்துத்தான் வாங்குகிறேன். அவர் பெண்தான் இப்போது குருமா தாளிப்பவள்.

செங்கல்ராயன் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. மூங்கில் இருந்த இடத்தில் இரும்புக் குழாய், தகரக் கொட்டகை, விசில். முன்பின் தெரியாத லாரிக்காரனை நம்பிப் பேனாவைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகிற சர்க்கார் ஆள் இனி எங்கே கிடைப்பார் என்று நினைத்தபடி தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஐந்து ஐம்பதுக்கு மகள் வந்தாள். என் பார்வை அவள் முகத்துக்குப் போகாமல் பைக்குப் போனது. அவளே அதைத் திறந்து என் முன்னால் கவிழ்த்தாள்.

"பாத்துக்கோ நைனா, எல்லாம் என்னுதுதான்."

"ஏம்மா இவ்ளோ நேரம்?"

"யாரோ அரிசி கடத்தறாங்கன்னு எல்லாரையும் எறக்கி, பேரு ஊரு ரெண்டு பாஷைலயும் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. பாதிப் பேருக்குத் தமிழ் தெரில, பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரில. பஸ்ஸு முழுக்க நாந்தான் எழுதிக் குடுத்துக்கினு இருந்தேன்."