ஹாஜியாரின் மொரிஸ் மைனரும் கொதிக்காத கூலன்டும்

பழைய கார்களோடு மாரடிக்கும் சகோதரர்களே, நம் தொழிலில் துருவைக்கூடச் சமாளித்துவிடலாம். தண்ணீர் ஊற்ற ஓடிவரும் நல்ல மனிதர்களைச் சமாளிக்கவே முடியாது.

மார்க்கப் பிரச்சினை

சாய்ந்தமருது லத்தீப் ஹாஜியாரின் மொரிஸ் மைனர் ஆதியிலிருந்தே கொதிக்கிற வண்டி. அவர் மனைவி மடியில் தண்ணீர்க் கேனோடுதான் அதில் ஏறுவார். சுனாமி அந்த மனுசியைக் கொண்டுபோனது. உப்புநீர் குடித்த காரை மட்டும் விட்டுவைத்தது. தன் கலியாணத்துக்கு, தன் உம்மா ஏறிய அந்தக் காரில்தான் மாப்பிள்ளை வரவேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். மாப்பிள்ளை ஊர் பல மைல் தள்ளி, பாலமுனை. காரோ இரண்டு மைல் ஓடினாலே ஆவி விடும்.

யுத்தம் முடிந்த நேரம் அது. கட்டாரில் இருந்த ஹாஜியாரின் மகன், ரேடியேட்டரில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும், தண்ணீரே இல்லாத கூலன்ட் அனுப்பிவைத்தார். லேசில் கொதிக்காது, துருப்பிடிக்கவும் விடாது. ஆனால் தண்ணீர் கலந்தால் எல்லாம் பாழ் என்று கல்முனையில் என் கராஜில் வைத்து விளக்கினேன். ஹாஜியார் போத்தலை முகர்ந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுக்குள்ள சாராயம் கீராயம் இல்லியே? மாப்பிள்ள ஏறுற வண்டி."

வெயிலில் ரேடியேட்டர்

பழைய தண்ணீர் துளியும் மிஞ்சக்கூடாதே! ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, காற்றடித்து, வாசலில் வெயிலில் வைத்தேன். என்னை அண்ணனாகக் கொண்டாடும் எதிர்த் தேநீர்க்கடைக்காரர் கிளாஸ் கழுவியபடி கேட்டார்: "என்ன நானா, கருவாடு போடுறீங்களா?"

சாவடியில்

யுத்தம் முடிந்தும் சோதனைச் சாவடிகள் முடியவில்லை. ஓட்டிப் பார்க்கப் போனபோது காரைதீவுக்கு அருகே ஆமிக்காரர் பொனட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே கூலன்ட் போத்தலைக் கண்டதும் முகம் இறுகியது. இது தண்ணீர் சேராத சாமான் என்று விளக்க எனக்குத் தெரிந்த சிங்களம் "வத்துர நே" மட்டும்தான். தண்ணீர் இல்லை என்று அர்த்தம். மனிதர் உருகிவிட்டார். தன் தண்ணீர்ப் போத்தலைக் கழற்றி நீட்டி, தெரிந்த தமிழில் சொன்னார்: "பாவம்! தண்ணி இல்ல? இந்தா, ஊத்து."

பறக்கத் என்னும் அருள்

கலியாணத்தன்று பாலமுனையில் பொனட்டுக்குக் காவல் நின்றேன். பிரியாணி வாசத்துக்கு மனிதன் எவ்வளவு நேரம்தான் தாங்குவான்? சாப்பிட்டுக் கை கழுவி வந்தால், மாப்பிள்ளையைப் பெற்ற வாப்பா ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் காலிச் செம்பு. வடித்துவிட நேரமில்லை, மாப்பிள்ளை ஏறிவிட்டார். வாப்பா என் தோளில் தட்டிச் சொன்னார்: "பயப்படாதீங்க தம்பி, ஓதின தண்ணிதானே. அது தண்ணிக் கணக்கில வராது."

பெண்வீட்டு வாசல்

கணக்கில் வந்தது. சாய்ந்தமருதுக்குள் நுழையும்போதே ஆவி கிளம்பியது. பெண்வீட்டுத் தெருவில் கார் நின்றுவிட, மாப்பிள்ளை கோட்டோடு இறங்கித் தள்ளினார். ஹாஜியாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மகள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

மணப்பெண் கதவோரம் வந்து பார்த்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு ஒரு தண்ணீர்க் கேனை வெளியே நீட்டினாள்: "ஊத்துங்க நானா. இப்பதான் உம்மாவும் வந்த மாதிரி இரிக்கி."

மிச்சக் கூலன்ட் இன்னும் என் கராஜில்தான் இருக்கிறது. அந்தக் கலியாணத்தில் கொதிக்காமல் தப்பியது அது ஒன்றுதான்.