ஏழாவது குண்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அடுப்படியில் இருந்த நேரத்தில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் டிவியில் ஒரு பேய்ப் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டாள். சோறு வடிக்க அவ்வளவு நேரமா என்று கேட்டால், மீன் குழம்பும் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அன்றிலிருந்து பாத்ரூமுக்குத் தனியாகப் போக மறுத்தாள். நான் வாசலில் நிற்க வேண்டும். நிற்பது தெரிவதற்காகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நான் வேலையாக இருந்தால் அடக்கிக்கொள்வாள். எனக்கு அதுதான் கவலை. பேயைவிட நீர்க்கடுப்புக்குத்தான் நான் பயந்தேன்.

கண்டுகொள்ளாதே, தானாகச் சரியாகிவிடும் என்றார் கணவர். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. அந்தப் படத்தையே பட்டப்பகலில் அவளோடு உட்கார்ந்து பார்த்து, அதன் ஓட்டைகளைக் காட்டினால் பயம் தெளியும் என்று தோன்றியது. இன்னும் மோசமாகிவிட்டால் என்றும் தோன்றியது. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்தோம்.

ஓட்டைக்குப் பஞ்சமே இல்லை. சுவருக்குள் புகுந்து வரும் பேய், கதவை மட்டும் தட்டிவிட்டுக் காத்திருக்கிறது. கிணற்றில் விழுந்து எழுந்த கதாநாயகியின் தலையில் மல்லிகைப்பூ நனையவே இல்லை. மகள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு உற்சாகம் கூடிவிட்டது.

முடிவில் கதாநாயகன் ரிவால்வரை எடுத்தான். கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படை முகாமில் நான் ரைஃபிள் சுட்டிருக்கிறேன். அது உதைத்த உதையில் தோள்பட்டை கன்றிப்போனது. இவன் சீப்பைப் பிடிப்பதுபோல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அசையாமல் சுட்டான். ரிவால்வரில் ஆறு குண்டுதான் பிடிக்கும் என்று சொல்லி, இருவரும் விரல்விட்டு எண்ணினோம். ஆறும் தீர்ந்த பிறகு ஏழாவதாக ஒன்று சுட்டான். அதில்தான் பேய் விழுந்து புகையாகிப்போனது.

நான் பெருமையோடு அவளைப் பார்த்தேன். அவள் சிரிப்பு நின்றிருந்தது.

“அப்ப அந்தக் குண்டு பொய்யாம்மா?”

“பொய்தான். உள்ளதான் குண்டே இல்லையே.”

“அப்ப பேய் சாகவே இல்லேல்ல?”

அதுவரை அவள் பயந்தது செத்துப்போன பேய்க்கு. நான் அதற்கு உயிர் கொடுத்துவிட்டேன். அன்று முழுவதும் நான் பாத்ரூமுக்கு உள்ளேயே நிற்க வேண்டியிருந்தது.

பரவை மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் கணவர் மாலையில் வந்து, நடந்ததைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பரணில் ஏறி, தீபாவளித் துப்பாக்கியையும் மிச்சமிருந்த ரோல் கேப் வெடிச் சுருளையும் எடுத்து மகளிடம் நீட்டினார்.

“அவனுக்கு ஆறுதான். இதுல எம்புட்டு இருக்குன்னு நீயே பாருத்தா.”

சுருள் நமுத்துப்போயிருந்தது. மறுநாள் மொட்டைமாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காயவைத்தேன். வெயிலில் வெடித்துவிடுமோ என்று காவலும் இருந்தேன். குழந்தை கையில் துப்பாக்கி கொடுத்துத் தைரியம் வரவழைப்பது சரிதானா என்று யோசிக்க அங்கே நிறைய நேரம் கிடைத்தது.

மதியம் அவள் துப்பாக்கியோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலில் நின்று வழக்கம்போல் பேச ஆரம்பித்தேன்.

“நீ போம்மா. நீ பேசுனா அது வர்ற சத்தம் எனக்குக் கேக்காது.”

அடுப்படிக்குப் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். உள்ளே ஒரு வெடி வெடித்தது. அப்புறம், நிதானமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம்.