வலது சக்கரம் எது?

டொக். சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஒரு டொக். தங்கவயலில் கம்பவுண்டராக இருந்த காலத்தை நினைத்தால் எனக்கு ஆலையின் இரைச்சலோ ஷிப்ட் முடியும்போது ஊதுகிற சங்கோ காதில் வருவதில்லை. ஆஸ்பத்திரி மாட்டுவண்டியின் அந்த ஒற்றைச் சத்தம்தான் வருகிறது. உடம்பு ஓய்ந்துவிட்டது, அது மட்டும் ஓய்ந்தபாடில்லை. எழுதியாவது தொலைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டியை ஓட்டியவர் வட ஆற்காட்டுக்காரர். நானும் அந்தச் சீமைதான், வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர், நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். நாலெழுத்து படித்த திமிர் வேறு எனக்கு இருந்தது. சுரங்கத்தில் அடிபட்டவர்களை, ஆட்கள் குழிக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது எங்கள் இருவர் வேலை. பாதையில் எங்கே பள்ளம், எங்கே கல் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். படுத்திருப்பவன் முனகினால், "தோ வந்துட்டோம் நைனா, அந்தப் புளியமரம் தாண்டினா ஆஸ்பத்திரிதான்" என்பார். புளியமரம் இன்னும் அரை மைல் இருக்கும்.

பழைய பட்டா தேய்ந்து கழலும் நிலைக்கு வந்ததால், ஒரு நாள் காலையில் இரண்டு சக்கரங்களுக்கும் புது இரும்புப் பட்டா போடக் கொல்லுப்பட்டறைக்குப் போனோம். வளையத்தை நெருப்பில் பழுக்கவைத்து மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்கினார்கள். வலது சக்கரம் என்று அடையாளம் தெரிய, அதன் நடுக்குடத்தில் அவர் வைத்திருந்த குங்குமப்பொட்டு புகையிலும் தண்ணீரிலும் அழிந்து போயிற்று. சக்கரங்கள் ஆறியதும் வலதை வலப்பக்கமும் இடதை இடப்பக்கமும் வண்டியோரமாகச் சாத்திவைத்துவிட்டு, எலுமிச்சம்பழம் வாங்கக் கிளம்பினார். புதுப் பட்டா போட்ட வண்டி, பழம் நசுக்காமல் ஓர் அடி நகரக்கூடாது என்பது வண்டிக்காரர்களின் சட்டம். "நான் வர்ற வரிக்கும் சக்கரத்தத் தொடாதீங்கய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஆள் ஓடிவந்தான். பாலகாட் சுரங்கத்தில் பாறை சரிந்து ஒருவன் கால் நசுங்கிவிட்டதாம். இதற்கிடையில் கரி வண்டி உள்ளே வர வழிவிடுவதற்காகப் பட்டறை ஆட்கள் எங்கள் சக்கரங்களை உருட்டி ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். "வலது சக்கரம் எதுங்க? அவரு வந்துரட்டுமே" என்றார் கொல்லர். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அங்கே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான், இங்கே எலுமிச்சம்பழமா? "ரெண்டும் வட்டந்தானேய்யா, மாட்டு" என்றேன்.

மாட்டி முடித்த பிறகுதான் அவர் பழத்தோடு வந்தார். நசுக்கினார், ஏறினார், ஓட்டினார். பத்தடி போவதற்குள் டொக். "இன்னாய்யா இது?" என்று இறங்கினார். கல்லால் பட்டாவைச் சுற்றிலும் தட்டிப் பார்த்தார். எங்கும் கணீரென்றது. கடையாணியை ஆட்டிப் பார்த்தார், அச்சுக்கு மை தடவினார். நான் ஓட்ட, அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். "பட்டா மேல குத்தம் இல்ல. சத்தம் உள்ள கீது. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். கழற்ற ஏது நேரம்? கால் நசுங்கியவனை ஏற்றினோம். ஒவ்வொரு டொக்குக்கும் அவன் அலறிய அலறல் இருக்கிறதே, ஐயோ! கடைசியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எறக்கி வுடுங்கய்யா, நான் நடந்தே வரேன்" என்றான். முழங்காலுக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அவனை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தால், ஆஸ்பத்திரி முற்றத்தில் காவல்காரர்களும் கம்பெனித் துரையும் நிற்கிறார்கள். சுரங்க கேட்டில் சத்தத்தைக் கேட்டவர்கள், வண்டிக்காரர் சக்கரத்துக்குள் தங்கக் கல்லை வைத்துக் கடத்துகிறார் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது, ஜெயில்தான். சக்கரத்தைக் கழற்றி, குடத்தை உளியால் பிளந்தார்கள். மையைத் தவிர ஒன்றுமில்லை. "அப்போ சத்தம் எப்படி வந்தது? வழியில் கல்லை எடுத்துவிட்டாயா?" என்று துரை விடவில்லை.

வண்டிக்காரர் உட்கார்ந்து, பிளந்த குடத்தின் உட்புறத்தை விரலால் தடவினார். பிறகு அச்சைத் தடவினார். வருஷக்கணக்காகத் தேய்ந்து அதனதன் அச்சோடு பழகிய சக்கரங்கள். இடம் வலம் மாறியதும் கால் மாற்றிப் போட்ட செருப்பாகிவிட்டன. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தேகமாகப் பார்க்கவில்லை, நம்பித்தான் கேட்டார்.

"ஐயா, நீங்க கூடவே இருந்தீங்களே. நான் சாத்தி வெச்சபடியேதானே மாட்டினாங்க?"

ஆஸ்பத்திரியின் டாக்டர் துரை அதற்கு முந்தின வாரம்தான், மருந்தை மாற்றிக் கொடுத்ததற்காக என்னைக் கடைசி முறையாக எச்சரித்திருந்தார். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். இதையெல்லாம் காரணமாகச் சொல்ல எனக்கே இப்போது அலுப்பாக இருக்கிறது. "ஆமா, நீ வெச்சபடியேதான்" என்றேன்.

"அப்போ நாந்தான் மாத்தி வெச்சிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். கம்பெனித் துரையிடம் போய், "திருட்டு இல்ல தொர, என் கவனக்கொறவு" என்று கும்பிட்டார். திருட்டுப் பழி போயிற்று. நோயாளி வண்டியில் அலட்சியம் என்று வேலையும் போயிற்று. விடிந்ததும் கம்பெனி கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். கொல்லரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மனைவி குழந்தைகளோடு பங்காருபேட்டைப் பாதையில் நடந்தவர், என்னைப் பார்த்து நின்றார். "அந்தக் கால் போனவருகிட்ட, வண்டிக்காரன் மன்னிப்புக் கேட்டான்னு சொல்லுங்கய்யா. அவரு கத்தினது ராவெல்லாம் காதுலயே கீது" என்றார்.

போய்ச் சொன்னேன். அந்த மனிதன் வண்டிக்காரரையும் அவர் குலத்தையும் வாய்க்கு வந்தபடி சபித்தான். "அவன் வெளங்குவானா? அவன் புள்ளைங்க வெளங்குமா?" என்று அழுதான். கட்டை அவிழ்த்து, புண்ணைத் துடைத்து, மறுபடி கட்டுப் போடும் வரைக்கும் திட்டினான். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இது யாரைச் சேர வேண்டியது என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்கு மகன் பிறந்தான்.