கேளாமல் அழித்த இரண்டாம் பகுதி

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு. இந்தத் தாள் யார் கைக்குக் கிடைக்கும் என்று அறியேன்; வாசிப்பவர் பெண்மணியாயின், அம்மா அவர்களுக்கு.

இதை எழுதுகின்றவன் தன்னாமுனையில், வாவிக்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வசிப்பவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் கட்டி விற்கும் ஆலையொன்றில் வேலைக்காலம் முழுவதும் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்தேன். அங்கே குளிரூட்டும் இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கைந்நூலொன்று கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதை அகராதியின் துணையோடு பக்கம் பக்கமாக வாசித்தே ஆங்கிலம் கற்றேன். அதன் பயனாக, அயலவர்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துப் பொருள் சொல்கின்ற ஒருவனாக ஊரில் எனக்கு ஓர் இடம் ஏற்பட்டது. அந்த இடத்தின் மீது நான் வைத்திருந்த ஆசை எத்தகையது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டில் இருக்கும் என் மகள் தான் பயன்படுத்திய மடிக்கணினியை எனக்கு அனுப்பிவைத்தாள். ஒரு கணினியை இயங்கச் செய்யும் அடிப்படை மென்பொருளைப் பாடசாலைப் புத்தகங்களில் பணிசெயல் முறைமை என்று எழுதியிருக்கிறார்கள். அதன் புதிய பதிப்பு வெளியாவதற்கு முன்னர், குறைகளைக் கண்டு சொல்வதற்காக, விரும்புகின்ற எவருக்கும் அதன் சோதனைப் பிரதியைக் கொடுப்பது வழக்கமாம். ஒரு சிறு கட்டத்தில் சரியடையாளம் இட்டால் போதும். நானும் இட்டேன். அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் வந்தது. என் பெயரை முதலில் எழுதி, என்னை வரவேற்பதாகவும் என் கருத்துகள் தங்களுக்கு மிக முக்கியமானவை என்றும் அதில் கூறியிருந்தார்கள். அது இயந்திரம் எழுதிய கடிதம். பெயரை மாத்திரம் மாற்றி எல்லோருக்கும் அனுப்பப்படுவது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை அச்செடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனேன்.

கடைக்காரர்தான் முதலில் கேட்டார்.

“என்னண்ணே, வெள்ளக்காரன் என்னவாம் எழுதியிருக்கான்?”

“புதுசா ஒரு பணிசெயல் முறைமை செய்திருக்காங்க. அதப் பரிசோதிச்சுச் சொல்லட்டாம்.”

“உங்களயோ?”

“என்ட பேரப் போட்டுத்தானே வந்திருக்கு.”

“ஏன், கொழும்பில ஆக்கள் இல்லையாமா?”

நான் பதில் தேடுவதற்குள், வாங்கில் அமர்ந்திருந்த வலைகாரர் ஒருவர் எனக்காகப் பேசினார். “கொழும்பில ஆக்கள் இருந்தா அவன் ஏன் தன்னாமுனைக்கு எழுதுறான்?” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மரியாதையும் கலந்திருந்தது. நான் எதையும் மறுக்கவில்லை.

சோதனைப் பிரதியை வீட்டில் நிறுவியபோது என் கணினியில் வேறெதுவும் இருக்கவில்லை. ஆகையால் எதுவும் போகவுமில்லை. அது பல சேட்டைகள் செய்தது. ஒருநாள் சத்தம் வராது. மறுநாள் அச்சு இயந்திரத்தைத் தெரியாது என்று சொல்லும். தமிழில் தட்டச்சு செய்தால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும். காலையில் குளித்துவிட்டு மேசையில் அமர்ந்து, கண்ட குறைகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதி, ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள’ என்று முடித்து அனுப்புவேன். ஒன்றுக்கேனும் பதில் வந்ததில்லை. திரையின் வலப்பக்க மூலையில், இது சோதனைப் பிரதி என்பதை மங்கலான எழுத்துகளில் காட்டிக்கொண்டே இருக்கும். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “மூலையில என்னமோ அழுக்குப் பட்டுக் கிடக்கு, துடைச்சு விடுங்களன்” என்றாள். அது பரிசோதகர்களுக்கு மட்டும் கொடுக்கப்படுகின்ற அடையாளம் என்றேன். கட்டிய மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் ஊர்களில் ஒருவருக்கு ஏதேனும் பெருமை வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டால் அவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் விடமாட்டார்கள். செய்தி சரியா பிழையா என்று விசாரிப்பது அவமரியாதை. வாசிகசாலையின் வருடாந்தக் கூட்டத்தில் என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். உலகப் பெரும் நிறுவனமொன்றினால் தெரிவு செய்யப்பட்டவர் என்று வாழ்த்துமடல் வாசித்தார்கள். பொன்னாடையின் சரிகை கழுத்தில் குத்தியது. ஏற்புரையில் நான் இரண்டு தடவை, இதற்கு எனக்குத் தகுதியில்லை என்று சொன்னேன். சபையோர் அதை அவையடக்கம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள். அவ்வாறு எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அந்தக் கூட்டத்துக்கு என் மருமகளும் வந்திருந்தாள். மருமகள் என்றது என் மனைவியின் தமையனுடைய மகளை. செங்கலடிச் சந்திக்குக் கிட்ட அவள் ஒரு சிறிய கொமினிகேசன் நடத்துகிறாள். போட்டோக் கொப்பி, ரீலோட், விண்ணப்பப் படிவங்கள் என்று பல வேலைகள் இருந்தாலும் அவளுக்குப் பெயர் தேடிக் கொடுத்தது தட்டச்சு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளை அவளிடமே கொண்டுவருவார்கள். பிழையில்லாமல் அடிப்பாள், சொன்ன நாளில் கொடுப்பாள். அவளுடைய மடிக்கணினி பழையது. அதன் பற்றரி செத்துப்போயிருந்தது. மின்சாரம் கொடுத்தால் மட்டும் ஓடும்.

கூட்டம் முடிந்து வாசலில் நின்றபோது அவள் கேட்டாள். “மாமா, என்ட மெசின் ஒரு பக்கம் திறக்கிறதுக்குள்ள ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம். உங்கட புதுசப் போட்டா நல்லா ஓடுமாமே?”

சோதனைப் பிரதியைத் தரவிறக்கும் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. அன்றாட வேலைக்குப் பயன்படும் கணினியில் இதை நிறுவ வேண்டாம். முக்கியமானவற்றை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள் என்பது அதன் சாரம். நான் அதை வாசித்திருந்தேன். அகராதி பார்த்து, கருத்தைத் தமிழில் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனாலும் பொன்னாடை தோளில் கிடக்கையில், அது எனக்குச் சரிவரத் தெரியாத காரியம் என்று சொல்ல வாய் வரவில்லை.

“செவ்வாய்க்கிழமை வாறன் புள்ள” என்றேன்.

“உள்ளுக்குள்ள இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்கும்தானே?”

“ஒண்டும் போகாது.”

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறிச் செங்கலடிக்குப் போனேன். கடையில் சனம் நிறைந்திருந்தது. அவள் கொப்பி இயந்திரத்தடியில் நிற்க, நான் அவளுடைய கதிரையில் அமர்ந்து பென்டிரைவைச் செருகினேன். நிறுவும் வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில், இடம் போதாது என்று திரை சொல்லிற்று. அவளுடைய கணினியின் சேமிப்பிடம் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. என் கணினியில் ஒரே பகுதிதான் இருந்தது; ஆகவே இந்த நிலைமை எனக்குப் புதிது. டீ டிரைவ் என்று பெயரிட்டிருந்த இரண்டாம் பகுதியை அழித்தால் இடம் கிடைக்கும் என்பது விளங்கிற்று. அதில் முக்கியமான கோப்புகள் இருக்கக்கூடும் என்றும் திரை எச்சரித்தது.

மருமகள் என்னிடமிருந்து இரண்டு அடி தூரத்தில் நின்றாள். தலையைத் திருப்பி, ‘புள்ள, இதுக்குள்ள என்ன இருக்கு?’ என்று கேட்பதற்கு ஒரு மூச்சு நேரம் போதும். கடையில் நின்ற மாணவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்த்துமடல் செய்தி அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. கேட்டால், இவருக்கும் தெரியாதோ என்று நினைப்பார்கள். நான் கேட்கவில்லை. அழித்தேன்.

அதன் பின்னர் வேலை தடங்கலின்றி ஓடியது. இனி அது தானே முடியும் என்று சொல்லிவிட்டு எதிரில் இருந்த கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரை இருண்டிருந்தது. மருமகள் கையில் ஒரு பிளக்கைப் பிடித்தபடி நின்றாள்.

“ஐடென்டி காட் ஒண்டு கொப்பி அடிக்க வேண்டியிருந்த மாமா. மற்ற பிளக் பொயின்ட் வேலை செய்யல்ல. ஒரு நிமிசம்தானே எண்டு இதக் கழட்டினன். இப்ப ஒண்டும் வருதில்ல.”

பிளக்கை மாட்டி, முதலிலிருந்து மீண்டும் நிறுவினேன். மதியத்துக்குள் கணினி புதுப்பொலிவோடு ஓடியது. அவள் ஆவலோடு அமர்ந்து எதையோ தேடினாள். மறுபடியும் தேடினாள்.

“மாமா, டீ டிரைவக் காணல்லயே. கட்டுரையெல்லாம் அதுக்குள்ளதான் கிடந்த.”

அந்தக் கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்குத் தேவை இருந்திராது. நான் சொன்னது இதுதான்: “கரண்ட் பாதியில நிண்டா இப்படித்தான் புள்ள ஆகும்.”

அவள் முகம் வெளிறிப் போனது. “அப்ப நான்தான் அழிச்சுப்போட்டனா?” என்றாள். நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பகுதியில் மூன்று மாணவர்களின் கட்டுரைகள் இருந்தன. இருவரிடம் கையெழுத்துப் பிரதி இருந்தபடியால் அவள் ஊண் உறக்கமின்றி மறுபடி அடித்துக் கொடுத்தாள். மூன்றாமவள் ஒரு மாணவி. அவளுடைய கட்டுரையின் பக்கங்கள், அவள் அருகில் அமர்ந்து சொல்லச் சொல்ல என் மருமகள் நேரே கணினியில் அடித்தவை. தாளில் எதுவும் இல்லை. “அக்கா, கம்பஸ் சேர்ட்ட போய் நான் என்னத்தச் சொல்ற?” என்று அந்தப் பிள்ளை கடைக்குள் நின்று அழுததாக அறிந்தேன். அவளால் அந்தத் தடவை கட்டுரையைக் கொடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வளாகத்து மாணவர்கள் வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்கள். மருமகள் தட்டச்சு வேலையை நிறுத்திவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து, உறவினர் வீடொன்றில் பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. பந்தலில் பலர் கூடியிருந்தோம். படங்களைக் காட்டுவதற்காக அங்கே ஒரு கணினியை வைத்திருந்தார்கள். மருமகள் அதன் அருகால் போக, அவளுடைய மச்சான் முறையான ஒருவர் குரல் கொடுத்தார்.

“ஆ, பிளக்குக் கழட்டி வந்திட்டா! வயரப் புடிங்க, வயரப் புடிங்க!”

“ஓம் மச்சான், என்ட கை பட்டா மெசின் செத்துப் போகும், தள்ளியே வைங்க” என்று அவளும் சிரித்தாள்.

பந்தல் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஐயா, நான் செய்தவற்றுள் மிகவும் வெட்கப்படுவது எதற்கு என்று கேட்டால், அழித்ததற்கு அல்ல, சொல்லாமல் விட்டதற்கும் அல்ல, அந்தச் சிரிப்புக்குத்தான்.

என் மனைவி எனக்கு நேரெதிரே அமர்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சேலையை மடித்துக்கொண்டே, “அந்தப் புள்ளயப் பார்த்து எல்லாரும் சிரிக்கக்குள்ள நீங்க ஏன் நிலத்தப் பார்த்துச் சிரிச்ச நீங்க?” என்று கேட்டாள். நாற்பது வருடங்களாக என் முகத்தைப் பார்ப்பவள். முழுவதையும் சொன்னேன். அவள் சேலையை அலுமாரியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “எனக்குச் சொல்லி என்ன? அங்க போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் செங்கலடிக்குப் போனேன். மருமகள் படிவங்களைப் பின் அடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் வேறு எவரும் இல்லை.

“புள்ள, அண்டைக்கு நீ பிளக்கக் கழட்டினதால ஒண்டும் அழியல்ல.”

“மறுகா? பிறகு எப்படி அழிஞ்ச?”

“அதுக்கு முதலே நான் அழிச்சுப்போட்டன். இடம் காணாதெண்டு.”

“தெரிஞ்சா அழிச்ச நீங்க?”

“உள்ளுக்குள்ள ஏதோ இருக்குமெண்டு தெரியும்.”

பின் அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “நான் பக்கத்திலதானே நிண்டன். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே, மாமா.”

“கேட்டா எனக்குத் தெரியாதெண்டு எல்லாருக்கும் விளங்கிடும்.”

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. வீதிப் பக்கம் திரும்பினாள். “அந்தப் புள்ள இப்பவும் என்னக் கண்டா மற்றப் பக்கம் கிறுகிப் போகுது” என்றாள். பிறகு, “ஊரெல்லாம் பிளக்குக் கழட்டி எண்டு சொல்லக்குள்ள, நானே என்ட கைய நம்பாம விட்டுட்டன்” என்றாள். மன்னித்துவிடு என்று நான் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

“அது கிடக்கட்டும். வாயால சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்கும். எழுதித் தாங்க. நீங்கதானே நல்லா எழுதுறவர்.”

வீட்டுக்கு வந்து எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த முதற்பிரதியில், பழுதான பிளக் பொயின்ட் மீதும் பற்றரி மீதும் சிறிது பழியைப் பகிர்ந்து வைத்திருந்தேன். அவள் வாசித்துவிட்டு, “இதில இன்னும் நான் பாதி அழிச்ச மாதிரிதான் இருக்கு. திருப்பி எழுதுங்க” என்று தாள்களை என் கையில் தந்தாள். திருப்பி எழுதியது இது. இதில் என் கையைத் தவிர வேறெதன் மீதும் குற்றம் இல்லை. நடந்தவற்றைச் சொல்லும் பக்கங்களை அவள் தொலைபேசியில் படம் எடுத்து அந்த மாணவிக்கு அனுப்பினாள். இந்தக் கடைசிப் பகுதியை நான் சேர்த்து எழுதும் இன்று வரையில் பதில் வரவில்லை. பதில் வராமலும் போகலாம். ஆனால் நேற்று மருமகள் யாரோ ஒருவருடைய விண்ணப்பக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தாள் என்று என் மனைவி சொன்னாள், ஒரு பக்கம்தானாம்.

ஐயா, அம்மா, என்னைப் பற்றி நல்லதாக எழுதப்பட்ட தாள்கள் ஊரில் சில உண்டு. அவற்றைப் பேணுவதற்கு ஆட்களும் உண்டு. என் மருமகளின் கையில் பிழையில்லை என்று சொல்வதற்கு இந்தத் தாள் மாத்திரமே உண்டு. தயவுசெய்து இதை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.