பவுண்டரி போர்டில் நான் எழுதியது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் ஆடும் மைதானத்தைக் கம்ப்யூட்டர் கிரிக்கெட் கேமுக்குள் கொண்டுவந்தது நான்தான். ரோலிங் மில்லின் புகைபோக்கி, வேலிக்காத்தான் முள், கண்ணாடிச் சில்லு பதித்த காம்பவுண்டு சுவர் எல்லாமே என் போனில் எடுத்த படங்கள். ஒன்பதாவதோடு நின்றவன் செய்த வேலை என்று யாரும் நம்பவில்லை. ஏதோ ஆசையில் செய்தேன் என்று நினைத்தார்கள். நான் செய்தது ஒரு ஆளைப் பழிவாங்க.

அந்த ஆள் எங்கள் ஃபோர்மேன். டீமுக்கும் அவர்தான் கேப்டன். பக்கத்துக் கம்பெனியோடு மேட்ச், கடைசி ஓவர். பந்து உயரே போனது. அதற்கு நேர் கீழே நான் நின்றேன். எதிரிலிருந்து ஓடிவந்துகொண்டே அவர், "உடு, உடு, என்னுது" என்று கத்தினார். நான் கையை இறக்கிவிட்டேன். வெயில் கண்ணில் அடித்ததோ என்னவோ, அவரும் பாதியில் நின்றார். பந்து இருவருக்கும் நடுவில் விழுந்தது. தோற்றோம். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாரு, கைல பிஸ்கட் வெச்சிக்கினு நிக்கிறான்."

அன்றிலிருந்து எனக்குப் பெயர் பிஸ்கட். கேன்டீனில் டீக்கு உட்கார்ந்தால் எவனாவது ஒரு பிஸ்கட்டைத் தூக்கிப் போடுவான். "இந்தா, இத்தையாவது புடி." பிடித்தாலும் சிரிப்பார்கள், விட்டாலும் சிரிப்பார்கள். ஃபோர்மேன் மட்டும் சிரிக்காமல் டீயை ஊதிக்கொண்டிருப்பார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கத்தியது அவர்தான் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கான்ட்ராக்ட் ஆள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் கேட் பாஸைப் புதுப்பிக்க அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஞாயிறு மதியங்களில் கிரேன் ஓட்டும் அண்ணன் ரூமில் கூடி கேம் ஆடுவோம். ஃபோர்மேனும் வருவார். மைதானத்தைச் சுற்றி வரும் விளம்பர போர்டு, கேமுக்குள் வெறும் ஒரே ஒரு படம்தான். அதை அழித்து நம் இஷ்டத்துக்கு எழுதி, அதே பெயரில் சேமித்துவிட்டால் போதும். அந்த ஒன்றையே கேம் சுற்றிலும் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும், சோறுகூடத் தின்னாமல் லேப்டாப்பைத் திறந்து சிவப்பில் எழுதினேன்: "உடு, என்னுதுன்னு கத்துனது யாரு, ஃபோர்மேன்?"

கேமை மூடித் திறந்தேன். ஒருமுறை எழுதியதை மைதானம் முழுக்க நாற்பது முறை கேட்டது. வயிறு குளிர்ந்தது. அடுத்த நிமிடமே கேட் பாஸ் நினைவுக்கு வந்தது.

மறுநாள் 'ஃபோர்மேன்' என்ற சொல்லை எடுத்தேன். அதற்கடுத்த நாள் சிவப்பைச் சாம்பல் நிறமாக்கினேன். ரயிலில் நிற்கும்போதெல்லாம், பாஸ் இல்லை என்று வாட்ச்மேன் என்னைத் திருப்பி அனுப்புவது கண்ணுக்குள் ஓடும். வீட்டுக்கு வந்ததும் எழுத்தை இன்னும் கொஞ்சம் சுருக்குவேன். சனிக்கிழமை பார்த்தபோது எனக்கே படிக்க முடியவில்லை. அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிரேன் அண்ணன் கம்ப்யூட்டரில் மைதானத்தை ஏற்றினேன். ஃபோர்மேன் திரையைப் பார்த்துக் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். "டேய் பிஸ்கட், நம்ம கிரவுண்டுடா இது. சுத்தி இன்னாடா எழுதிக்கிற, பொடி பொடியா?"

"சேஃப்டி போர்டு சார்."

"அதான் பார்த்தேன். அது இல்லாம நம்ம கம்பெனியா?" என்று என் முதுகில் தட்டினார்.

அந்தத் தட்டு ஒரு வாரம் முதுகிலேயே இருந்தது. அவர்மேல் இருந்த கோபத்தைவிட என்மேல் அதிகமாக வந்தது. அடுத்த ஞாயிறு காலை, யோசித்தால் மறுபடி சுருக்கிவிடுவேன் என்று பயந்து, எழுத்தை போர்டின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்குமாக நிற்கவைத்து, பழைய சிவப்பைப் பூசி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ரூமில் எட்டு பேர். ஃபோர்மேன் அடித்த முதல் பந்தே பவுண்டரிக்குப் போக, கேமரா அதன் பின்னாலேயே போய் போர்டுக்கு முன்னால் நின்றது. ஒருத்தன் சத்தமாகப் படித்தான். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். கிரேன் அண்ணன் பல் குத்திக்கொண்டே, "அன்னிக்கு எனக்கும் கேட்டுச்சுபா. நீதான் கத்துன," என்றார்.

"அத்த எட்த்துடு," என்றார் ஃபோர்மேன் என்னிடம்.

"ஆட்டம் முடியாம எடுக்க முடியாது சார்."

பொய். கேமிலிருந்து வெளியே வந்து ஒரு படத்தை மாற்றினால் முடிந்தது. அவருக்கு அது தெரியாது. எழுந்து போனால் தப்பு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று உட்கார்ந்தே ஆடினார். பவுண்டரி அடிக்கப் பயந்து ஒவ்வொரு ரன்னாகத் தட்டினார். இருபது ஓவரும் நான் அவர் கழுத்து வேர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பாஸ் முடியும் நாள்வரை எனக்கு நாஷ்டா இறங்கவில்லை. கிரேன் அண்ணன்தான் சொன்னார்: "ஏன் நைனா பேஜாராவுற? இப்ப உன்ன வெளிய தள்ளுனா, எதுக்குன்னு மில்லுக்கே தெரியும். அவன் கையெழுத்து போட்டுத்தான் ஆவணும்."

போட்டார். தலை நிமிராமல், "அந்த போர்ட எட்த்துட்டியா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டேன் சார்."

பாஸைச் சட்டைப்பையில் பட்டன் போட்டு மூடினேன். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். போர்டு எடுக்காமல் அப்படியேதான் இருந்தது. எழுத்தைப் பெரிதாக்க இனி இடமில்லை. ஓரமாக நெருக்கி, பயந்து எடுத்த 'ஃபோர்மேன்' என்ற சொல்லைத் திரும்பச் சேர்த்தேன்.