சாம்பார் வாளி மாப்பிள்ளை

வடக்குப்பட்டு தணிகாசலத்துக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. பந்தி பரிமாறுவது ஒன்றுதான் பைத்தியம். ஸ்ரீபெரும்புதூரில் எந்த மண்டபத்தில் மேளம் கேட்டாலும் சைக்கிளை நிறுத்துவான். தெரிந்தவர் கல்யாணமா என்றுகூடப் பார்க்க மாட்டான். துண்டை இடுப்பில் கட்டி, சாம்பார் வாளியைத் தூக்கிவிடுவான். காசு வாங்க மாட்டான், உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டான். வீட்டுக்கு வந்து பழைய சோறு தின்பான். பக்கத்து வீட்டுக்காரன் நான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அவனுக்கே கல்யாணம். பெண் சுங்குவார்சத்திரம் அம்சவல்லி. தாலி கட்டுவதற்கு முன்பே டிபன் பந்தி ஆரம்பித்துவிட்டது. முகூர்த்த வேட்டி கட்டப் போன மாப்பிள்ளை மேடைக்குத் திரும்பவில்லை. கடைசி வரிசைக்குச் சாம்பார் வரவில்லை என்று யாரோ கத்தியது அவன் காதில் விழுந்துவிட்டதாம்.

அந்தக் கடைசி வரிசையில்தான் நான் இருந்தேன். கழுத்தில் மாலையோடு வந்து ஊற்றினான்.

"உப்பே இல்லடா," என்றேன். இன்னொரு கரண்டி ஊற்றினான். பந்தியில் யார் என்ன குறை சொன்னாலும் அவன் பதில் அதுதான்.

பெண்ணின் அப்பா அண்ணாதுரை மூச்சிரைக்க ஓடி வந்தார். "மாப்ளே, நல்ல நேரம் முடியப் போவுது! இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"இந்த வரிசை முடிஞ்சதும் வந்துர்றேன் மாமா."

"முகூர்த்தம் தாண்டிச்சின்னா எம் பொண்ண வூட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுவேன்!"

அவன் முகம் வெளுத்தது. பெண் பார்த்த நாளிலிருந்து அம்சவல்லி, அம்சவல்லி என்று என் உயிரை வாங்கியவன். ஆனாலும் கை அடுத்த இலைக்குப் போனது. கண்ணெல்லாம் கலங்குகிறது, கரண்டி மட்டும் நிற்கவில்லை. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அப்போது மேடையிலிருந்து அம்சவல்லியே இறங்கி வந்தாள். வாளியைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று மேடைக்கு நடந்தாள்.

"ஏம்மா, வாளி! வாளி!" என்று இவன் பின்னாலேயே ஓடினான்.

அவள் வாளியை மணைக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள். எடுக்கக் குனிந்தவனை மாமனார் தோளில் அழுத்தி உட்கார வைத்தார். ஐயர் தாலியைக் கையில் திணித்தார். கெட்டிமேளம் முழங்கியது. தாலிக் கயிற்றில் மஞ்சளோடு கொஞ்சம் சாம்பாரும் ஒட்டியிருந்தது.

அடுத்த பந்தியில் அவனை இலை முன்னால் உட்கார வைத்தாள். எழுந்து ஓடப் பார்த்தான்.

"உக்காருங்க. மொதல்ல துன்னுங்க. அப்பறம் ரெண்டு பேருமே ஊத்தலாம்," என்று அதே வாளியிலிருந்து இட்லிமேல் ஊற்றினாள்.

வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு வாய் வைத்தான். பந்தியில் உட்கார்ந்து அவன் சாப்பிட்ட முதல் வாய். முகம் கோணியது.

"இன்னாடா இது, உப்பே இல்ல!" என்று எதிரே நின்ற என்னைப் பார்த்து அலறினான்.

நான் அம்சவல்லியிடமிருந்து கரண்டியை வாங்கி, அவன் இலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.