பஸ்ஸில் மட்டும் போடும் தோடு

தி.நகரில் பஸ் ஏறினால், முதல் வேலையாகச் செயினைத் துப்பட்டாவுக்குள் தள்ளி ஊக்கு குத்திக்கொள்பவள் நான். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தக் கவலையே இல்லை. ஒல்லியான உடம்பு, சாயம் போன சேலை, காதில் மட்டும் பளிச்சென்று தங்கத் தோடு. நெரிசலில் எத்தனையோ கைகள் அந்தக் காதை உரசிப் போயும் அவள் நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடையார் டிப்போவில் கூட்டம் இறங்கி வண்டி காலியானது. அப்போதுதான் அவள் தோட்டைக் கழற்றினாள். தாளில் மடித்து, டிபன் பாக்ஸில் மீந்திருந்த சோற்றுக்குள் புதைத்தாள். காதுத் துளைகளில் துடைப்பக் குச்சியைச் செருகிக்கொண்டாள்.

"இப்பதான் கூட்டமே இல்லையே, எதுக்குக் கழட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"கூட்டத்துல இன்னா பயம்மா? எவனாவது கைய வெச்சா, கத்துனா நாலு பேரு வருவாங்க. அடுத்த ஸ்டாப்புல என் வூட்டுக்காரன் நிப்பான். அவன் புடுங்கசொல்லோ கத்தி இன்னா பிரயோசனம்? புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்னு எல்லாரும் போய்க்கினே இருப்பாங்க. பஸ்லதான் இத்த போட்டுக்க முடியுது."

அடுத்த நிறுத்தத்தில் டிபன் பாக்ஸை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். அங்கே நின்றிருந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை; காதைப் பார்த்தான். பளாரென்று ஓர் அறை விழுந்தது.

அவள் கத்தவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம்.